மழையைத் துடைத்தவள்

“கடைசி வரி தெரியுதா?”

“தெரியுது.”

“படிங்க பார்ப்போம்.”

படித்தாள். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

அந்த வரியை முழுசாகப் படிக்கிறவர்கள் அந்தக் கண்ணாடிக் கடைக்கு வருவதே அபூர்வம். பின்னறையில் அவளை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின்மேல் கனத்த இரும்புச் சட்டம் ஒன்றை மாட்டி, வட்ட வட்டமான லென்ஸ்களைப் போட்டும் எடுத்தும் பார்த்துக்கொண்டிருந்தவன் புருவத்தை உயர்த்தினான். அவளுக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. எரிச்சல்தான் இருந்தது. தெருவில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று வலது கண்ணில் நீர் கொட்டியது. எதிரில் தெரிந்த முதல் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்துவிட்டாள். பத்தடி தள்ளி இன்னொரு கடை இருந்தது. அங்கே போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

“இப்ப இந்த வெளிச்சத்தைப் பாருங்க... கண்ணைச் சிமிட்டக் கூடாது... அப்படியே...”

சின்ன டார்ச்சோடு குனிந்தான். அவன் பார்த்தது அவளுடைய கருவிழியை. அவளுக்கோ வேறெங்கும் பார்க்க வழியில்லை. நெற்றியில் விழுந்த முடி... அதை ஒதுக்கிவிடக்கூடத் தோன்றாத கவனம்... ‘ஆள் பரவாயில்லை’ என்று ஒரு நினைப்பு வந்தது. சட்டென்று அதை விரட்டினாள்.

அவன் கதை வேறு. நாள் முழுக்கக் கண்களைப் பார்க்கிறவன். மளிகைக் கடைக்காரருக்கு மூட்டை எப்படியோ, அவனுக்குக் கண் அப்படி. ஆனால் இந்தக் கண்கள்... ஓரமெல்லாம் சிவந்து, களைத்து, அப்போதும் எதையோ தேடிக்கொண்டே இருக்கிற பெரிய கண்கள். டார்ச்சை அணைக்க மறந்துவிட்டான்.

“கூசுதுங்க...”

“ஸாரி... ஸாரி. பார்வையில ஒரு குறையும் இல்லை. கண்ணுதான் வறண்டு போயிருக்கு. என்ன வேலை பார்க்கறீங்க?”

“பழைய படங்களைச் சுத்தம் பண்ணி டிஸ்க்கா போடற கம்பெனி. படத்துல இருக்கற கீறல், தூசி, கறை எல்லாத்தையும் எடுக்கறது என் வேலை. காலையில உக்கார்ந்தா சாயங்காலம் வரைக்கும் மானிட்டர்தான்.”

அவன் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே சுருங்கியது.

“அப்போ உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ‘எதிர்ப்புறம் யாரோ’ன்னு ஒரு பழைய த்ரில்லர்... போன மாசம் டிஸ்க் வந்திருக்கே, பார்த்தீங்களா?”

பார்த்தாளா என்று கேட்கிறான்! அவள் தனியாகச் செய்து முடித்த முதல் படம் அது. நெஞ்சு குதித்தது. இரும்புச் சட்டத்துக்குக் கீழே உதடு தானாகச் சிரித்தது. பாராட்டு வரட்டும் என்று காத்திருந்தாள்.

“பார்த்தேன். ஏன், எப்படி இருக்கு?”

“படம் அருமை. டிஸ்க்தான் கொடுமை! எவனோ கண்ணை மூடிட்டு வேலை பார்த்திருக்கான். அவன் யாருன்னு தெரிஞ்சா என்கிட்ட அனுப்புங்க. இலவசமாவே டெஸ்ட் பண்ணி விடறேன்.”

அவள் சட்டத்தைக் கழற்றினாள். நிதானமாக அவன் கையில் கொடுத்தாள்.

“அனுப்ப வேண்டாம். வந்தாச்சு.”

“என்ன...?”

“அந்த ‘எவனோ’ நான்தான். பார்வையில ஒரு குறையும் இல்லைன்னு இப்பத்தான் உங்க வாயால சொன்னீங்க.”

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுக் காலில் விழாத குறையாகச் சமாளித்திருப்பார்கள். இவன் கேட்டது வேறு.

“அப்போ மழை எங்க?”

“எந்த மழை?”

“எதிர்ப்புறத்துல ஒரு பொம்பளை குடை பிடிச்சுட்டு நிப்பாங்களே... அந்த ராத்திரியெல்லாம் மழை கொட்டும். உங்க டிஸ்க்குல ஒரு சொட்டுகூட இல்லை.”

“அந்தப் படத்துல மழையே கிடையாது. ஒவ்வொரு ஃப்ரேமும் என் கை பட்டுத்தான் வெளியே போச்சு. எனக்குத் தெரியாத மழையா?”

“மழை இல்லைன்னா குடை எதுக்காம்?”

“முகத்தை மறைக்க! அவ உளவு பார்க்க வந்தவ. கதையே அதுதானே? படம் புரியலைன்னா அதுக்கு டிஸ்க்கைத் திட்டக் கூடாது.”

உளவு என்ற வார்த்தையைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. கோபம் போய் வேறென்னவோ வந்தது. “நீங்களும் அதையே சொல்றீங்க...” என்றான், மெதுவாக. அவள் அதைக் கவனித்தாள். ஆனால் நின்று கேட்கிற நிலையில் இல்லை. பையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினாள்.

“ஏங்க... சொட்டு மருந்து!” வாசல்வரை ஓடிவந்தான்.

“நீங்களே போட்டுக்கோங்க!”

*

அலுவலகத்தில் அவளுக்குத் ‘துடைப்பம்’ என்று பட்டப்பெயர். கூட வேலை பார்க்கிறவர்கள் கேலியாக வைத்தது. அவள் அதைப் பட்டம்போலவே எடுத்துக்கொண்டாள். ஒரு தூசி, ஒரு புள்ளி விடமாட்டாள். ‘எதிர்ப்புறம் யாரோ’ வெளிவந்ததும் “கண்ணாடி மாதிரி இருக்கு” என்று எத்தனை பேர் எழுதினார்கள்! அதையெல்லாம் படித்துப் படித்துப் பூரித்துப் போயிருந்தவளைப் போய்...

‘இரு மகனே. உன் மழையை நான் காட்டறேன்.’

அந்தப் படத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாடியறை ஒன்றில் தனியாக வசிக்கிற ஒருவன். யாரோ தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று அவனுக்குச் சந்தேகம். பூட்டை மாற்றுகிறான், டெலிபோன் கம்பியை அறுக்கிறான், உயிர் நண்பனையே விரட்டுகிறான். மூடிய ஜன்னல் வழியே பார்த்தால் எதிர்ப்புறம் விளக்குக் கம்பத்தடியில் ஒரு பெண், கையில் குடையோடு நிற்கிறாள். அந்தக் காட்சிகளில் வெளிச் சத்தம் எதுவும் கேட்காது. அவனுடைய மூச்சுச் சத்தம் மட்டும்தான். வந்தபோது ஓடாத படம். இப்போதுதான் நாலு பேர் தேடிப் பார்க்கிறார்கள்.

சுத்தம் செய்வதற்குமுன் பிரிண்டிலிருந்து எடுத்த அசல் ஸ்கேனை வெளியே எடுத்துப் போட்டாள். வேலை முடிந்தபின் அவள் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. துவைத்து மடித்தபிறகு அழுக்கு எப்படி இருந்தது என்று யார் பார்க்கிறார்கள்? அதிலும் இந்த ரீல் படுமோசம். மேலிருந்து கீழ்வரை வெள்ளை வெள்ளையாய்க் கோடுகள். எதற்கு வம்பென்று, கீறல் எடுக்கிற மெஷினை உச்சத்தில் வைத்து ஓட்டிவிட்டு, அது துடைத்துக் கொடுத்த படத்தில்தான் கைவேலையைத் தொடங்கியிருந்தாள்.

திரையில் அந்தக் கோடுகள் வந்தன. “பார்த்தியா? பூரா கீறல்!” என்று இல்லாத ஆளிடம் சண்டை போட்டாள். இதில் நல்லதாக ஒரு ஃப்ரேமைப் படமெடுத்து அவன் மூஞ்சிக்கு நேரே நீட்ட வேண்டும். எதை எடுக்கலாம்... ஒவ்வொன்றாய் நகர்த்தினாள்.

ஒரு கோடு நகரவே இல்லை. எத்தனை ஃப்ரேம் தாண்டினாலும் அதே இடம். அது கீறல்தான்.

மற்றவை...?

இந்த ஃப்ரேமில் இங்கே இருந்தவை அடுத்ததில் இல்லை. வேறு இடத்தில் வேறு கோடுகள். லேசான சாய்வு. விளக்குக்கு அருகில் பளிச்சென்று, விலக விலக மங்கலாய்...

பெரிதாக்கினாள். அந்தப் பெண்ணைச் சுற்றி எங்கும் கோடுகள். தோளுக்கு வெளியே கோடுகள், காலுக்கு முன்னால் கோடுகள். குடைக்குக் கீழே மட்டும்... சுத்தமான இருட்டு. ஒரு கோடு இல்லை.

கீறலுக்குக் குடை இருப்பது எப்படித் தெரியும்?

மௌஸிலிருந்து கையை எடுத்தாள். வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. எல்லாவற்றையும்விடத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மழை இருந்தால் அவள் யாருக்காகவோ காத்து நிற்கிற சாதாரணப் பெண். ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிறவனுக்குத்தான் புத்தி பேதலித்திருக்கிறது. மழையைத் துடைத்தால்? மழையே இல்லாத ராத்திரியில் குடை பிடிக்கிறவள் உளவாளியேதான், அவன் பயந்தது சரியேதான்! படத்தையே தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் உலகம் கண்ணாடி மாதிரி இருக்கிறதென்று கைதட்டியிருக்கிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். துடைத்தது நான்தானே... திரும்பப் பெய்ய வைக்க வேண்டியதும் நான்தான்.

*

கம்பெனி அவளுடைய அத்தையுடையது. அப்பாவின் தங்கை. ஆபீசில் ‘மேடம்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது சட்டம். அவசரத்தில் அது மறந்துவிடும்.

“அத்தை, ரெண்டாவது பதிப்பை நிறுத்துங்க.”

“மேடம்.”

“மேடம், நிறுத்துங்க!”

விஷயத்தைக் கேட்ட அத்தை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கேட்கக் கூடாததைக் கேட்கும்போது அவள் செய்கிற காரியம் அது.

“எல்லாரும் பளபளன்னு இருக்குன்னு பாராட்டறாங்க. நீ போய் அதுல மழையைக் கொட்டப் போறியா? மாசக் கடைசியில ஃபேக்டரிக்குப் போகணும்.”

“நெகட்டிவ் எப்பவோ அழிஞ்சு போச்சு. மிச்சம் இந்த ஒரு பிரிண்ட். டப்பாவைத் திறந்தாலே புளிச்ச வாடை அடிக்குது, அதுவும் ரொம்ப நாள் தாங்காது. இனிமே அந்தப் படம்னா நம்ம டிஸ்க்தான் அத்தை. நாம துடைச்சா துடைச்சதுதான்.”

“அது மழைதான்னு யார் சாட்சி? டைரக்டர் இல்லை. கேமராமேன் இல்லை. இன்னிக்கு நீ மழைங்கறே. நாளைக்கு எவனாவது, ‘சோம்பேறிங்க, கீறலைக்கூட எடுக்காம விட்டுட்டாங்க’ன்னு எழுதுவான். கம்பெனி பேரு ரெண்டு தடவை கெடணுமா? அந்த ஷூட்டிங்ல இருந்த ஒரே ஒரு ஆளைக் கூட்டிட்டு வா. அப்புறம் பேசலாம்.”

ஆளுக்கு எங்கே போவாள்? படத்தில் வேலை செய்தவர்கள் யார் யார் என்று தேடிப் பார்த்தாள். ஒருவர்கூட இல்லை. குடைப் பெண்ணின் பெயரோ டைட்டிலிலேயே கிடையாது.

அப்போதுதான் உறைத்தது. அவன் ‘மழை கொட்டும்’ என்றானே... எப்படித் தெரியும்? இந்த டிஸ்க்குக்கு முன்னால் அந்தப் படத்தைப் பார்க்கவே வழி இருந்ததில்லை. கேட்க வேண்டும். கேட்பதென்றால் அந்தக் கடைக்குப் போக வேண்டும். இனி அந்தப் படியை மிதிப்பதில்லை என்று சபதம் எடுத்த சூடு ஆறவில்லை!

ஒரு நாள் முழுக்கத் தன்மானத்தோடு மல்லுக்கட்டினாள். மறுநாள் தன்மானத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

*

அவளைப் பார்த்ததும் அவன் எழுந்துவிட்டான். கையிலிருந்த கண்ணாடித் துணி கீழே விழுந்தது. அவள் உட்காரக்கூட இல்லை.

“மழை பெய்ஞ்சுது. நான்தான் துடைச்சுட்டேன். தப்பு என்மேல.”

இரண்டு மூன்று நாட்களாக ஒரு மன்னிப்பை மனப்பாடம் செய்து வைத்திருந்தான் பாவம். அதில் முதல் வார்த்தையே மறந்துபோயிற்று.

“நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது...”

“அதை அப்புறமா ஆற அமரக் கேக்கறேன். முதல்ல இதைச் சொல்லுங்க. மழை பெய்ஞ்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“முதல்ல சொட்டு மருந்து.”

“முதல்ல பதில்.”

“பதில் மாடியில இருக்கு. மருந்து போட்டுக்கிட்டா கூட்டிட்டுப் போறேன்.”

வேறு வழி? அண்ணாந்து பார்த்தாள். இமையை ஒரு விரலால் மெல்ல உயர்த்தி, ஒரு சொட்டு... சில்லென்று. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க அவன் பஞ்சை நீட்டினான். வாங்கும்போது விரல்கள் பட்டுக்கொண்டன. இருவருமே படாததுபோல வேறு திசையில் பார்த்தார்கள்.

கடைக்கு மேலேதான் வீடு. உள்ளே அவன் அம்மா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து யாருடையதோ பேண்ட்டின் உயரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இவங்கதான்...”

“தெரியுதுடா. மழையை முழுங்கின பொண்ணு. ரெண்டு நாளா வீட்டுல இந்தப் பேச்சுதானே? உக்காரும்மா.”

அவள் உட்காரவில்லை. கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யையே முறைத்துப் பார்த்தாள். அதில் வந்த மனிதர்கள் எல்லோரும் ஆரஞ்சுப் பழ நிறத்தில் இருந்தார்கள்.

“ரிமோட் எங்க?” வாங்கித் தட்டினாள். “இதை வாங்கின நாள்லேர்ந்து மாத்தவே இல்லையா? கடையில ஆளை இழுக்க வைக்கற வெளிச்சத்துலயே விட்டிருக்கீங்க! இருட்டெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கு. கண் பார்க்கறவர் வீட்டு டி.வி.யாங்க இது? டிஸ்க் கொடுமைன்னு சொன்னீங்களே... அதுல பாதிக் கொடுமை இதோடது.”

“அது... அப்படியேதான் வந்துச்சு...”

“கேட்டுக்கோடா!” அம்மாவுக்கு ஏக குஷி. “ஊர்ல உள்ளவங்க கண்ணையெல்லாம் திருத்தறான். எனக்கு இந்தப் பொண்ணைப் பிடிச்சிருக்கு.”

எனக்கும்தான் என்று அவன் சொல்லவில்லை. காது மடல் சிவந்து காட்டிக்கொடுத்தது.

பிறகு அம்மா சொன்னாள். மெஷினில் கையை ஊன்றிக்கொண்டு, ஊசியைப் பார்த்தபடியே.

“நான் அந்தப் படத்துக்குத் துணி தைக்கப் போனவம்மா. நிக்க வேண்டிய பொண்ணு ஜுரம்னு வரலை. அவளுக்குத் தைச்ச உடுப்பு எனக்குச் சரியா இருந்துச்சு. நில்லுன்னுட்டாங்க. அது குழாய்ல விட்ட தண்ணி இல்லை, நிஜ மழை. விடாம கொட்டுது. டைரக்டர் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். ‘ஜன்னலைப் பார்க்காதே. அங்க ஒருத்தன் இருக்கறதே உனக்குத் தெரியாது. நீ யாருக்கோ காத்திருக்கே, அவ்வளவுதான்’னார். நின்னேன். எல்லாரும் நல்லா நின்னேன்னாங்க. அப்புறம் படம் ஓடலை. என்னை யாரும் பார்க்கலை.”

“டிஸ்க் வந்ததும் நான்தான் அக்கம்பக்கத்துல எல்லாரையும் கூப்பிட்டேன்...” என்றான் அவன்.

“ஆமா. எத்தனை வருஷமா சொல்லிட்டிருந்தேன்... நானும் ஒரு படத்துல நடிச்சிருக்கேன், மழையில நின்னேன்னு. எல்லாரும் வந்து உக்கார்ந்தாங்க. நான் வந்தேன். மழை வரலை. ‘என்னடி, நிலா வெளிச்சத்துக்கா குடை பிடிச்சே?’ன்னா எதிர்வீட்டுக்காரி. ‘உளவு பார்க்கப் போனவ’ன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது?”

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்குக் கடையில் ஏன் அப்படிப் பேசினான் என்று அவளுக்கு இப்போது புரிந்தது. தன் முதல் படம், தன் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்ததற்கெல்லாம் விலையாக இந்த அம்மா ஒரு கூடம் நிறைய ஆட்களுக்கு நடுவில் சிரித்திருக்கிறாள்.

“அம்மா, அந்த மழையை நான் திருப்பிக் கொண்டு வர்றேன். அதே ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டறேன். நீங்க ஒரு தடவை எங்க ஆபீசுக்கு வந்து எங்க அத்தைகிட்ட இதைச் சொல்லணும்.”

“இவ்வளவு பேருக்கு முன்னாடி அசிங்கப்பட்டாச்சு. உங்க அத்தைக்கு முன்னாடி பேசறதுக்கு என்ன? வர்றேன்.”

*

அம்மா வந்தாள். பேசினாள். அத்தை அசல் ஸ்கேனில் குடைக்குக் கீழே இருந்த இருட்டை ரொம்ப நேரம் பார்த்தாள். மழையை ஒப்புக்கொண்டாள். ஆனால் அம்மா போனபிறகு கண்ணாடி மறுபடியும் மேசைக்கு வந்தது.

“சரி, மழைதான். அதை ஊருக்கு எப்படிச் சொல்றது? ‘எங்க கம்பெனி மழையைத் துடைச்சுடுச்சு’ன்னு அட்டையில போடவா? வாங்கினவன் சிரிப்பான்.”

“கம்பெனி பேர் வேண்டாம். என் பேர் போடுங்க. முதல் பதிப்புல மழையைத் துடைச்சது இவதான்னு.”

“பைத்தியமா உனக்கு? அப்புறம் இந்தத் தொழில்ல உன்னை யார் மதிப்பாங்க?”

“மதிக்காட்டிப் போகட்டும் அத்தை. என்னால ஒருத்தங்க தலை குனிஞ்சுட்டாங்க. நான் குனிஞ்சு அதை நிமிர்த்தணும்னா குனியறேன்.”

அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். “அப்படியே உங்க அப்பன் பிடிவாதம். தலைகீழா நின்னாலும் மாறாது. மாசக் கடைசிக்குள்ள முடி. முடியலைன்னா பழசுதான் போகும். அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது.”

மெஷினை நம்ப முடியாது. அதற்கு மழையும் கீறலும் ஒன்று. ஒவ்வொரு கோடாகக் கண்ணால் பார்த்து, இது நிற்கிறதா, விழுகிறதா என்று முடிவு செய்து, நிற்பதை மட்டும் எடுக்க வேண்டும். முதல் பதிப்பில் பளபளப்புக்காகக் கூட்டி வைத்த வெளிச்சத்தையும் இறக்கி, இருட்டை இருட்டாக விட வேண்டும். துடைப்பம் என்று பெயரெடுத்தவள் வாழ்க்கையில் முதல்முறையாகத் துடைக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். அது துடைப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மாலையில் கடையைச் சாத்திவிட்டு அவன் வந்தான். கையில் சொட்டு மருந்து.

“ரொம்ப நேரம் பக்கத்துலயே பார்க்கக் கூடாது. நடு நடுவுல தூரமா எதையாவது பாருங்க.”

“இங்க தூரமா என்ன இருக்கு? சுவருதான்.”

“அப்போ... நான் அந்தக் கதவுகிட்ட நிக்கறேன். என்னைப் பாருங்க.”

சொல்லிவிட்டான். சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே புரிந்தது. அவள் திரும்பி மானிட்டரைப் பார்த்துக்கொண்டாள். சிரிப்பை மறைக்க வேறிடம் இல்லை.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. அவன் கதவருகே நிற்பான். அவள் வேலை செய்வாள். அவ்வப்போது “கண்ணு!” என்று குரல் வரும். நிமிர்ந்து பார்ப்பாள். முதலில் அது மருத்துவமாகத்தான் இருந்தது. போகப் போக, அவன் கூப்பிடாமலே நிமிர்ந்தாள்... அவன் வருவதற்கு முன்பே கதவைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு நாள் அவன் வரத் தாமதமானபோது ஒரே ஃப்ரேமை எத்தனை நேரம் வெறித்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

“யாருடி அது, கதவுக்குக் காவல்?” என்றாள் அத்தை, போகிற போக்கில்.

“கண் பார்க்கறவர் அத்தை. கண்ணுக்கு...”

“தெரியுது, தெரியுது. கண்ணுக்குத்தான்.”

மாசக் கடைசி நெருங்க நெருங்கக் கண் எரிந்தது, கழுத்து பிடித்துக்கொண்டது. கடைசி ரீலில் ஓர் இடம். ஒரே ஃப்ரேமில் கீறலும் மழையும் பின்னிக் கிடந்தன.

“இதை விட்டுடுங்களேன்... யாருக்குத் தெரியப் போகுது?” என்றான், அவள் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல்.

அவள் நாற்காலியோடு திரும்பினாள். “உங்க அம்மா நின்ன இடம் அது. எனக்குத் தெரியும்ல? போதும்.”

அவன் கதவருகிலிருந்து வந்து, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, முடிகிறவரை உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அந்த வேலையில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

*

அலுவலகத்தில் படம் போட்டுப் பார்க்கிற சின்ன அறை ஒன்று உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் அது நிறைந்துவிட்டது. முன்வரிசையில் அம்மா. பக்கத்தில் எதிர்வீட்டுக்காரி, ஏதாவது சொல்லத் தயாராக. பின்னால் அக்கம்பக்கம் மொத்தமும். ஓரமாக அத்தை. விளக்கணைந்தது. அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து விரல்களைப் பின்னிக்கொண்டாள்.

ஜன்னல். மூச்சுச் சத்தம். திரை விலகுகிறது...

மழை.

கோடு கோடாய், விளக்கைச் சுற்றி வெள்ளியாய், இருட்டுக்குள் கரைந்து, நிற்காமல், நிற்காமல்... அதன் நடுவில் குடையோடு ஒரு பெண். ஜன்னலைப் பார்க்கவே இல்லை. தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். யாரோ வரப்போகிறார்கள் அவளுக்கு. அவ்வளவுதான்.

யாரும் சிரிக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரிதான் முதலில் வாய் திறந்தாள். “அடிப்பாவி... இவ்வளவு மழையிலயா நின்னே? குடையையும் தாண்டிக் கொட்டுதேடி...”

“செருப்பே போயிடுச்சு,” என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். படம் முடிகிறவரை விடவில்லை.

விளக்கெரிந்ததும் அத்தை புது அட்டையைக் கொண்டு வந்து மருமகளிடம் நீட்டினாள். அவள் தன் பெயரைத் தேடினாள். ‘முதல் பதிப்பில் எங்கள் நிறுவனத்தின் தவறால் மழை நீங்கிவிட்டது. இப்பதிப்பில் மீண்டும் சேர்த்திருக்கிறோம்’ என்று இருந்தது. அதன் கீழே, நடிகர்கள் வரிசையில் புதிதாக ஒரு வரி: ‘மழையில் காத்திருப்பவர்’. பக்கத்தில் அந்த அம்மாவின் பெயர்.

“அத்தை... என் பேர்...”

“மேடம். கம்பெனியில நடந்தா அது கம்பெனி தப்பு. உன் பேரை நல்லதுக்குப் போட்டுக்கலாம். போ, அதை அந்தம்மாகிட்ட காட்டு.”

அம்மா அட்டையை வாங்கிக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் வாசித்தாள். பிறகு ஒவ்வொருவர் கையாகப் போய்த் திரும்பி வந்தது அது. ஒரே பேச்சும் சிரிப்புமாக எல்லோரும் வெளியே நகர்ந்தார்கள்.

அவன் மட்டும் கதவருகே நின்றுகொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது.

“கண்ணுல தண்ணி வருது. சொட்டு மருந்து வேணுமா?” என்றாள்.

“நன்றின்னு சொன்னா ரொம்பச் சின்னதா இருக்கும்...”

“சொல்ல வேண்டாம். துடைச்சவளே திருப்பிக் கொண்டு வந்தேன், அவ்வளவுதான்.”

“அடுத்த தடவை... கண் டெஸ்டுக்கு என்கிட்ட வர வேண்டாம்.”

அவளுக்குத் திக்கென்றது. வேலை முடிந்தது. மழை வந்தாயிற்று. இனி அவன் இந்தக் கதவருகே நிற்கக் காரணம் ஏது? “ஏன்?”

“டாக்டர் மாதிரி இனிமே உங்க கண்ணைப் பார்க்க முடியும்னு தோணலை. டார்ச் அடிச்சா என்ன பார்க்க வந்தேன்னே மறந்து போகுது...”

“அப்போ வேற எப்படிப் பார்க்கறதா உத்தேசம்?”

அவன் தரையைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். அவள் காத்திருந்தாள்... இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள்... பிறகு இவனை நம்பினால் மூன்றாம் பதிப்பே வந்துவிடும் என்று முடிவு கட்டினாள்.

“சரி, நானே சொல்றேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கோபம் வந்த அன்னிக்கே கொஞ்சம் பிடிச்சிருந்துச்சு, ஒத்துக்கத்தான் மனசு வரலை. வாழ்க்கை பூரா நிமிர்ந்து பார்க்கறப்பெல்லாம் நீங்க நிக்கணும். எனக்கு வேணும் அது. உங்களுக்கு அப்படி இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க. எனக்கு நிறைய வேலை இருக்கு.”

வெளியே படிக்கட்டில் பேச்சு சட்டென்று நின்றது. எல்லாக் காதுகளும் இந்தப் பக்கம்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. நகரவில்லை. கண்ணைத் தாழ்த்தவும் இல்லை.

அவன் நிமிர்ந்தான். இந்தத் தடவை கையில் டார்ச் இல்லை. ஓரம் சிவந்த அந்தக் கண்களை நேராகப் பார்த்தான். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதுபோலப் பார்த்தான்.

“பிடிச்சிருக்கு,” என்றான். “ரொம்ப.”